தம்பியின் வெந்நீர்

வெந்நீரில் குளிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று தெரியாது. கையை விட்டுப் பார்த்துப் போதும் என்பார்கள். கை பொய் சொல்லும். எஞ்சினைத் தொட்டுத் தொட்டுக் காய்த்துப்போன என் கைக்கு ஐம்பது டிகிரிகூட இதமாகத்தான் இருக்கும். அதனால் நான் முழங்கையின் உட்பக்கத்தில் ஊற்றிப் பார்ப்பேன், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் செய்வது மாதிரி. பிறகு ஒரு வெப்பமானியும் பொருத்திக்கொண்டேன். என் தம்பியின் முதுகுக்கு நாற்பத்தோரு டிகிரி. அதற்குக் கீழே போனால் பிடிப்பு விடாது. மேலே போனால் தோல் சிவந்துவிடும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் கையெழுத்துக்காக நீட்டிய அறிக்கையில் ‘சொந்தமாகத் தயாரித்த வெந்நீர்க் கருவியில் ஏற்பட்ட கோளாறு’ என்று ஒரு வரி இருக்கிறது. நேற்று முழுவதும் அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் ஓய்வெடுங்கள் என்று அன்பாகத்தான் சொன்னீர்கள். ஆனால் இல்லாத கோளாறுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? மெதுவாகச் சொல்கிறேன். நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

செல்போன் கோபுரங்களைப் பராமரிப்பது எங்கள் வேலை. மலைமேல் இருக்கிற கோபுரங்கள் மட்டும். கம்பெனி ஒரு வேன் கொடுத்திருந்தது. அதற்குள்ளேயே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, கருவிப்பெட்டிகள், மேலே தண்ணீர்த் தொட்டி. ஒரு சுற்று முடிய இரண்டு மாதம் ஆகும். கீழே இறங்கி நாலு நாள் இருந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். வண்டி, பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் என் பொறுப்பு. ஏறுவது தம்பி. அவன் ஏறுவதைப் பார்த்த யாரும் அவனை வேறு பெயரில் கூப்பிட மாட்டார்கள். குருவி என்றுதான் கம்பெனி முழுக்கப் பெயர். உச்சியில் உட்கார்ந்துகொண்டு சீட்டியடிப்பான். கீழே நின்றால் காற்றில் விட்டு விட்டுக் கேட்கும்.

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. அப்பா அதற்கு முன்பே இல்லை. தலைவாரிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் நான்தான். எனக்கும் இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள். ஒரு வீட்டில், “தம்பியும் கூடவேதான் இருப்பாரா?” என்று கேட்டார்கள். இருப்பான் என்றேன். அதோடு சரி, அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இப்போதும் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் தம்பி விழுந்தான். ஏணியில் பதினோராவது படி கழன்று வந்துவிட்டது. பாதுகாப்புக் கயிற்றை முதல் தட்டுக்குப் போன பிறகு மாட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். விதி அப்படி இல்லை, சோம்பல்தான். கீழே காங்கிரீட் மேடை. இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் அடி. நான்கு மாதம் படுக்கையில் கிடந்தான். அத்தனை நாளும் நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டேன், ஆள் வைக்கவில்லை. எழுந்து நடந்தான், ஆனால் ஏற முடியாது. கம்பெனியில் பேசி வேலையை மாற்றி வாங்கினேன். அதற்கப்புறம் நான் ஏறினேன், அவன் கீழே நின்றான்.

மலைமேல் குளிர் என்றால் உங்களுக்குத் தெரியும். காலையில் தொட்டித் தண்ணீரின்மேல் ஆடை மாதிரி பனி படிந்திருக்கும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் அவன் முதுகு இறுகி, வில் மாதிரி வளைந்துவிடும். அடுப்பில் ஒரு குண்டான் காய்ச்சினால் தோளுக்குப் போதும், இடுப்புக்குப் போதாது. வைத்தியர் சொன்னது, தினமும் கால் மணி நேரம் சூடான தண்ணீர் முதுகில் விழவேண்டும் என்று. வேனுக்குள் அதற்கு எங்கே போவது?

அப்போதுதான் எனக்கு உறைத்தது, சூட்டை நாம் தினமும் கொட்டிக்கொண்டிருக்கிறோம் என்று. எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீர் எண்பது, தொண்ணூறு டிகிரியில் இருக்கும். ரேடியேட்டர் அதைக் காற்றில் ஊதித் தள்ளுகிறது. அவ்வளவும் வீண். அதில் கொஞ்சத்தை வாங்கித் தம்பியின் முதுகுக்குத் திருப்பிவிட்டால் போயிற்று.

முதல் முயற்சி சொதப்பிவிட்டது. செம்புக் குழாயைப் புகைக்குழாயின்மேல் சுற்றி அதன் வழியே தண்ணீரை விட்டேன். சூடு கட்டுக்கே அடங்கவில்லை. தண்ணீர் வருவதற்குப் பதில் சீறிக்கொண்டு ஆவிதான் வந்தது. தம்பி துண்டோடு வெளியே பாய்ந்தான். அந்த நேரம் பார்த்து ஏரியா இன்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். குருவி துண்டைப் பிடித்துக்கொண்டே அவருக்கு வணக்கம் வைத்தான். இன்ஜினியர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “டவருல ஏதாவது ரிப்பேரா?” என்று கேட்டார். “இல்ல சார், எனக்குத்தான்,” என்றான். அன்றைக்கு நாங்கள் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை.

புகைக்குழாயை நம்பக்கூடாது என்று அன்றைக்கே கற்றுக்கொண்டேன். அதைவிட முக்கியம், புகை எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு தூரத்துக்கு ஊதுகிறது, காற்று எதிரே இருந்தால் எங்கே தேங்குகிறது என்பதெல்லாம் அந்தச் சமயத்தில்தான் எனக்கு அத்துப்படி ஆனது.

இரண்டாவது முயற்சி சரியாக வந்தது. பழைய இரும்புக் கடையில், மூடிப்போன பால் பண்ணையின் சாமான்கள் கிடந்தன. அதில் மெல்லிய தகடுகளை அடுக்கி இறுக்கிய ஒரு சின்னப் பெட்டி இருந்தது, செங்கல் அளவுதான். ஒரு தகட்டுக்கு இந்தப் பக்கம் எஞ்சின் தண்ணீர் ஓடும். அந்தப் பக்கம் குளிக்கிற தண்ணீர் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது. சூடு மட்டும் தாண்டும். எஞ்சின் தண்ணீரில் பச்சை நிறத்தில் ஒரு மருந்து கலந்திருக்கும், அது விஷம். அதனால் அந்தப் பெட்டியை ஒரு வாரம் சோதித்தேன். காற்றடைத்துச் சோப்பு நுரை தடவி, ஒரு குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. வெளியே வருகிற சூடான தண்ணீரில் தொட்டியின் குளிர்ந்த தண்ணீரை அளந்து கலக்க ஒரு வால்வு. பேட்டரியில் ஓடுகிற ஒரு மோட்டார். பூவாளி மாதிரி ஒரு குழாய். லாரித் தார்ப்பாயை வளைத்துத் தைத்து, வண்டியின் பக்கவாட்டில் நாலு கொக்கியில் மாட்டுகிற கூடாரம். அவன் ரொம்ப நேரம் நிற்க முடியாது என்று உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

உங்கள் ஆட்கள் அந்தப் பெட்டியைக் கழற்றி ஒவ்வொரு தகடாகப் பார்த்தார்கள். அப்போது நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துளி ஒழுக்காவது கண்டுபிடித்தார்களா? கேட்டுப் பாருங்கள். புகை அந்தக் கருவி வழியாக உள்ளே கசிந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அதில் தண்ணீர் மட்டும்தான் ஓடுகிறது, மேடம். புகை போக அதில் வழியே கிடையாது. படித்தவர்கள் இப்படி எழுதலாமா?

ஐந்தரை வருடம் அது ஓடியது. சாயங்காலம் நாலரை மணிக்கு நான் கோபுரத்திலிருந்து இறங்குவேன். அதுவரை என் கயிற்றைக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பவன் தம்பிதான். முதுகு வலித்தாலும் உட்கார மாட்டான். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பான். ஒரு நாளும் அவன் பிடி தளர்ந்ததில்லை. நான் இறங்கியதும் எஞ்சினை ஓடவிட்டு, கூடாரத்தை மாட்டி, சூடு ஏறும்வரை காத்திருந்து, முழங்கையில் ஊற்றிப் பார்த்து, “வாடா” என்பேன். பதினெட்டு நிமிடம். தொட்டியில் அவ்வளவுதான் பிடிக்கும். வெளியே வரும்போது முதுகை நிமிர்த்திக்கொண்டு வருவான், முகம் இளகியிருக்கும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காக இன்னும் எத்தனை கோபுரம் வேண்டுமானாலும் ஏறலாம் என்று தோன்றும்.

பிறகு அந்த நர்ஸ் வந்தாள்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் முதுகுக்குப் பயிற்சி கொடுப்பவள். நாற்பதை நெருங்கிய பெண், தனியாக இருக்கிறவள். கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சுற்று முடிந்து இறங்கும்போதும் அந்த நாலு நாளில் மூன்று நாள் தம்பி அங்கே போனான். முதலில் முதுகைக் காட்ட. அப்புறம் முதுகு ஒரு சாக்கு. எனக்குத் தெரியாமல் இல்லை. மேலே இருக்கும்போது ஃபோனில் சிக்னலைச் சரிபார்க்கிறேன் என்று தள்ளிப் போய் நின்று பேசுவான். கோபுரத்துக்கு அடியிலேயே நின்றுகொண்டு சிக்னலைத் தேடுகிறவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு நாள் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். சின்ன வீடு, சுத்தமாக இருந்தது. தம்பி அந்த வீட்டில் கேட்காமலே தண்ணீர் எடுத்துக் குடித்தான். எந்த அலமாரியில் டம்ளர் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அவளே சொன்னாள்: “நீங்களும் இங்கயே வந்துடுங்கண்ணா. மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. எத்தனை நாள்தான் வண்டிக்குள்ளயே இருப்பீங்க?” பார்க்கலாம்மா என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அடுத்த சுற்று புறப்பட்ட முதல் நாளே தம்பி வாயைத் திறந்தான். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினான்.

“அண்ணா, இதுதான் எனக்குக் கடைசி ரவுண்டு. கீழ இறங்கினதும் அங்கயே இருந்துடலாம்னு இருக்கேன்.”

முதுகு என்ன ஆகும் என்று கேட்டேன்.

“அவங்க வீட்டுல கீசர் இருக்குண்ணா. சுவிட்சைப் போட்டா பத்து நிமிஷத்துல தண்ணி. நீயும் இனிமே இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம்.”

கஷ்டம் என்ற வார்த்தையை அவன் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னான். ஐந்தரை வருடமாக நான் செய்ததை அவன் மனசுக்குள் அப்படித்தான் வைத்திருந்திருக்கிறான். எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்டா என்றேன். அவன் முகம் அப்படி மலர்ந்தது. மீதி வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே வந்தான்.

அந்தச் சீட்டியை நான் அதற்கு முன்பும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்றால் இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் அடிவாரத்துக் கம்பெனி அலுவலகத்தில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கோபுரங்களைக் கவனிக்கிற வேலை. மாதக் கடைசியில் சேரவேண்டும். நான் மறுக்கவில்லை. நல்ல வேலை, நல்லா இருடா என்றேன். அந்த வாரம், அவன் ஏறுவதற்கு முன்னால் வழக்கம்போல ஏணியின் கீழ்ப் பகுதியை நான் சோதித்தேன். ஏணியைச் சோதிப்பது கீழே நிற்கிறவனின் வேலை. பதினோராவது படியில் ஒரு பக்கம் நட்டே இல்லை. மறுபக்கம் கையாலேயே சுற்றலாம் போல இருந்தது. இறங்கி வந்தேன், சொல்லலாம் என்றுதான். அவன் கையுறையை மாட்டிக்கொண்டு சீட்டியடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு சந்தோஷமாக ஒருவன் என்னை விட்டுப் போவதற்குத் தயாராவதை நான் பார்த்ததில்லை.

“ஏணி சரியா இருக்காண்ணா?” என்று கேட்டான்.

“சரியா இருக்கு” என்றேன்.

அவன் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பதினோராவது படி அப்படி ஒன்றும் உயரமில்லை. கொஞ்சம் அடிபடும், வேலையில் சேருகிற தேதி தள்ளிப்போகும் என்று நினைத்தேன். கணக்குத் தப்பிவிட்டது. அதற்காகத்தான் அந்த வெந்நீர்க் கருவியைக் கட்டினேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. அவனுக்கு முதுகு வலித்தது, அதனால் கட்டினேன். யாருடைய தம்பிக்கு வலித்தாலும் அண்ணன்காரன் செய்வதுதான்.

இந்தச் சுற்றின் கடைசிக் கோபுரம் ஒரு பாறைச் சரிவுக்குக் கீழே இருக்கிறது. கோபுரத்துக்கும் பாறைக்கும் நடுவே வேன் நிற்கிற அளவுக்குத்தான் இடம். செவ்வாய்க்கிழமை மதியமே வேலை முடிந்துவிட்டது. நான் உச்சியிலிருந்து இறங்கும்போது அவன் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். கால் தரையில் பட்டதும் என் தோளைத் தட்டி, “முடிஞ்சதுண்ணா” என்றான். அவன் பை ஏற்கெனவே கட்டி வாசல் பக்கம் வைக்கப்பட்டிருந்தது. கடைசியாக ஒரு தடவை குளித்துவிட்டுக் கிளம்பலாம் என்று அவனேதான் கேட்டான். அதை நான் சொல்லவில்லை. எழுதும்போது இதைக் கவனமாக எழுதுங்கள்.

வண்டியைப் பின்னால் எடுத்துப் பாறையை ஒட்டி நிறுத்தினேன். கூடாரத்தைப் பக்கவாட்டில் மாட்டாமல், புகைக்குழாய் முடிகிற பின்பக்கக் கதவில் மாட்டினேன். தார்ப்பாயின் அடியைத் தரையோடு சேர்த்துக் கற்களை வைத்தேன். பிறகு எஞ்சினை ஓடவிட்டேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக.

தம்பி துண்டோடு வந்து நின்று, “ஏண்ணா இன்னைக்குப் பின்னாடி கட்டியிருக்க?” என்றான்.

“அந்தப் பக்கம் காத்து அடிக்குது. உனக்குக் குளிரும்.”

அவன் என்னை ஒரு கேள்விக்குமேல் கேட்டதே இல்லை. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். உள்ளே போனான்.

நான் முன்னால் டிரைவர் கதவுப் பக்கம் நின்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்று. கொஞ்ச நேரம் தண்ணீர் சத்தமும் சீட்டிச் சத்தமும் கேட்டன. பிறகு சீட்டி நின்றது.

“அண்ணா, தலை சுத்துற மாதிரி இருக்கு.”

“ஆவிடா. ஸ்டூல்ல உக்காந்துக்கோ. அப்படியே கொஞ்ச நேரம் இரு, சரியாயிடும்.”

ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டான். நான் சொன்னதைக் கேட்பான் என்று எனக்குத் தெரியும். தார்ப்பாயை விலக்கிக்கொண்டு இரண்டு அடி நடந்திருந்தால் போதும், பிழைத்திருப்பான். அவ்வளவுதான் தூரம். அவன் உட்கார்ந்தான்.

தொட்டி காலியாகும்வரை காத்திருந்தேன். பதினெட்டு நிமிடமும் முள் நாற்பத்தொன்றிலேயே நின்றது, ஒரு டிகிரி ஏறவில்லை, இறங்கவில்லை. அந்தக் கருவிக்குத்தான் கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு எஞ்சினை நிறுத்தினேன். அவனைத் துவட்டி, உலர்ந்த சட்டை போட்டுவிட்டு, உள்ளே படுக்கையில் கிடத்தினேன். வண்டியை முன்னால் எடுத்துக் கூடாரத்தைப் பக்கவாட்டில் பழைய கொக்கிகளிலேயே மாட்டினேன். உங்கள் ஆட்கள் பார்த்தது அதைத்தான். அதன் பிறகுதான் ஃபோன் செய்தேன். கோபுரத்துக்கு அடியிலேயே நின்றிருந்ததால் ஒரே தடவையில் லைன் கிடைத்தது.

ஆகவே, மேடம், கோளாறு என்ற வரியை அடித்துவிடுங்கள். என் தம்பியைக் கொன்றது நான். கருவி ஒன்றும் செய்யவில்லை. இதை எப்படி எழுதவேண்டுமோ அப்படி எழுதிக் கொண்டுவாருங்கள், போடுகிறேன்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. நேற்று அந்தப் பெண் இங்கே வந்திருந்தாள், நீங்கள்தான் பத்து நிமிடம் அனுமதி கொடுத்தீர்கள். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுது முடித்த மாதிரி இருந்தாள். என்மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நான் சாப்பிட்டேனா என்றுதான் முதலில் கேட்டாள். அப்புறம், “கடைசியா யாரையாவது கூப்பிட்டாராண்ணா?” என்றாள். இல்லம்மா, சத்தமே வரல, தூங்குற மாதிரி போயிட்டான் என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது போல. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அது ஒன்றுதான் அவளிடம் நான் சொன்ன பொய். அதையும் திருத்திவிடுகிறேன். ஸ்டூலில் உட்கார்ந்த பிறகு அவன் கூப்பிட்டான். சத்தமாக இல்லை, ஆனால் தெளிவாகக் கேட்டது. இரண்டு தடவை. அவளிடம் சொல்லும்போது விட்டுவிடாமல் சொல்லுங்கள்: அவன் கூப்பிட்டது அவளை இல்லை, “அண்ணா” என்றுதான் கூப்பிட்டான்.